மொட்டைப்பாறைக்கு ஏத்த டயர்

ஜன்னல் ஓரம் நீங்களே உக்காந்துக்கங்க சார். எனக்கு இந்தப் பக்கம் போதும். இந்த மலையை நான் புதுசாப் பாத்து என்ன ஆகப்போகுது, அம்பத்தெட்டு வருசமாப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். நீங்க தாண்டிக்குடி வரைக்குமா? நான் அதுக்கு முன்னாடியே மங்களங்கொம்புல இறங்கிருவேன். வத்தலக்குண்டுல இருந்து இந்த பஸ் ஏறுற வேகத்துக்கு நமக்கு நெறைய நேரம் இருக்கு.

நான் பஸ்ல ஏறி எத்தனை வருசம் ஆச்சு தெரியுமா. பதினோரு வருசம். கண்டக்டருக்கே என்னைப் பாத்ததும் ஒரு மாதிரி ஆயிருச்சு. "என்ன மொதலாளி, வண்டிக்கு என்னாச்சு"ன்னு கேக்குறாரு. வண்டிக்கு ஒண்ணும் ஆகல. வீட்டு ஷெட்டுல கம்பீரமா நிக்குது. நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல் வண்டி சார். பெரிய வண்டி, பின்னாடி எதிரும் புதிருமா சீட்டு, பத்துப் பேர் உக்காரலாம். நாலு டயரும் புத்தம் புதுசு. ஓட்டத்தான் ஆள் இல்ல.

ஒரு டயருக்காக ஒரு மனுசன் பதினோரு வருச வேலையைத் தூக்கிப் போட்டுட்டுப் போவானா? நீங்களே சொல்லுங்க. இல்ல, இப்ப சொல்ல வேண்டாம். முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க.

எனக்குக் காப்பித் தோட்டம் சார். ஊடுபயிரா மிளகு, கொஞ்சம் ஆரஞ்சு. வீடு ரோட்டு மேல, மங்களங்கொம்புல. தோட்டம் உள்ள ஆறு கிலோமீட்டர். அந்த ஆறு கிலோமீட்டரை ரோடுன்னு சொன்னா ரோடு கோவிச்சுக்கும். முதல் ரெண்டு கிலோமீட்டர் செம்மண்ணு. மழை பேஞ்சா களி மாதிரி ஆயிரும். அப்புறம் பூராவும் கல்லு. கத்தி கத்தியா நீட்டிக்கிட்டு நிக்கும். நடுவுல மொட்டைப்பாறை வளைவுன்னு ஒண்ணு. கொண்டை ஊசி வளைவு. ஏறுறப்ப முன்னாடி பாறை, பின்னாடி பள்ளம். அந்தப் பள்ளத்தை நான் எட்டிப் பாத்ததே இல்ல. எனக்கு வண்டி ஓட்டத் தெரியும் சார், தெரியாம இல்ல. ஒரு காலத்துல தார் ரோட்டுல திண்டுக்கல் வரைக்கும் கூடப் போயிருக்கேன், இப்பப் பழக்கம் விட்டுப்போச்சு. அந்த ஆறு கிலோமீட்டர் மட்டும் அப்பவும் ஓட்டினதில்ல. அதுக்குத்தான் கனகவேல்.

கனகவேல் என் டிரைவர். டிரைவரா இருந்தவன்னு சொல்லணும் இப்ப. காலையில எட்டுப் பொம்பளைங்களை ஏத்திக்கிட்டுப் போய்த் தோட்டத்துல விடுவான், சாயந்தரம் கூட்டிட்டு வருவான். நடுவுல மூட்டை ஏத்துவான். அதிகம் பேச மாட்டான். அதுதான் அவன்கிட்ட எனக்குப் பிடிச்சதே. வாயைத் திறந்தா "சரிங்க மொதலாளி". பதினோரு வருசத்துல அவன் பேசினதை எல்லாம் கூட்டினாலும் இந்த பஸ் பெரும்பாறை போறதுக்குள்ள சொல்லி முடிச்சிரலாம்.

பிரச்சினை எங்க ஆரம்பிச்சதுன்னா, போன வருசம் ஐப்பசி மழையில. சாயந்தரம் வர்றப்ப வண்டி களியில மாட்டிக்கிச்சு. சக்கரம் நின்ன இடத்துலயே சுத்துது. உள்ள ஒரு பொம்பளைக்கு நல்ல காய்ச்சல். வேற வழி இல்லாம அந்தம்மாவை முதுகுல தூக்கிக்கிட்டே ரெண்டு கிலோமீட்டர் நடந்து வந்திருக்காங்க. வீட்டு வாசல்ல வந்து இறக்குறப்ப நான் பாத்தேன். காய்ச்சல்ல அந்தம்மா உடம்பு வெடவெடன்னு ஆடுது. எனக்கு மனசு கேக்கல சார். நான் கல்நெஞ்சக்காரன் இல்ல. அன்னைக்கே முடிவு பண்ணேன். இந்தப் பழைய டயரு ஆகாது. வண்டியோட வந்த டயர் ரோட்டு டயர், வழவழன்னு இருக்கும். மலைக்குன்னு இருக்கிற டயரா, நல்லதாப் பாத்து, எவ்வளவு அலைஞ்சாலும் சரி, போட்டே தீரணும்னு.

அலைஞ்சேன் சார். ஆறு மாசம் அலைஞ்சேன். ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பாக்கக்கூட அவ்வளவு அலைஞ்சிருக்க மாட்டேன். என் பொண்ணுக்கு மூணே வாரத்துல முடிஞ்சது.

டயர்னா கருப்பா உருண்டையா இருக்கும்னுதான அதுவரைக்கும் நினைச்சிருந்தேன். அதுல ஒரு உலகமே இருக்கு. ரோட்டு டயர், அது ஒரு வகை. மட் டயர்னு ஒண்ணு, சேத்துக்கு. தரையைப் பிடிக்கிற பட்டன் ஒவ்வொண்ணும் செங்கல் கணக்கா இருக்கும், தார் ரோட்டுல போனா ரைஸ் மில்லுக்குள்ள உக்காந்த மாதிரி சத்தம். இது ரெண்டுக்கும் நடுவுல ஆல் டெரைன். எல்லா நிலத்துக்கும் ஆகும்னு அர்த்தம். அதுலயும் எத்தனை கம்பெனி, எத்தனை அளவு, எத்தனை பட்டன். டயரோட பக்கச்சுவர் ரெண்டு அடுக்கா மூணு அடுக்கா. நான் நோட்டுப் போட்டு எழுதினேன். சாப்பிடுறப்பவும் போன்ல வீடியோ. என் வீட்டுக்காரி சுகந்தி சொன்னா, "டயர் டயர்னு நீங்க பேசுறதைக் கேட்டு எனக்கு வீடே ரப்பர் வாடை அடிக்குது"ன்னு.

யாரை நான் கேக்கல சொல்லுங்க. கோயம்புத்தூர்ல மலையேறுற வண்டிக்காரங்க சங்கம் ஒண்ணு இருக்கு, அவங்களைக் கேட்டேன். மஸ்கட்ல சுகந்தியோட தம்பி இருக்கான், பாலைவனத்துல ஓட்டுறவன், அவனைக் கேட்டேன். வத்தலக்குண்டுல டயர் கடை வச்சிருக்கிற சிக்கந்தர் பாயைக் கேட்டேன். கொடைக்கானல்ல ஜீப் ஓட்டுற நாலு பேரை நிறுத்திக் கேட்டேன். ஆஸ்திரேலியாக்காரன் ஒருத்தன் வீடியோல பேசுறான், அவனுக்குக் கமெண்ட் போட்டுக் கேட்டேன். பதில் போட்டான் சார், மரியாதையா. ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. ஒருத்தன் நல்லதுன்னதை இன்னொருத்தன் குப்பைன்னான்.

அந்த ஆஸ்திரேலியாக்காரன் ஒரு அருமையான விசயம் சொன்னான். மண்ணுல இறங்குறதுக்கு முன்னாடி டயர்ல காத்தைக் கொஞ்சம் குறைச்சிரணும், அப்பத்தான் டயர் பரந்து பிடிக்குமாம். திரும்ப ரோட்டுக்கு வந்ததும் காத்தடிச்சுக்கணும். எவ்வளவு சின்ன யோசனை, நம்ம ஆளுங்களுக்குத் தோணுச்சா? நான் உடனே கனகவேலைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் "சரிங்க மொதலாளி"ன்னான். ஆனா பாருங்க, அதுக்கு முன்னாடி ரெண்டு மூணு தடவை அவன் தோட்டத்துப் பாதை பிரியுற இடத்துல நின்னுக்கிட்டுக் காத்தைப் புடுங்கி விட்டுக்கிட்டிருந்ததை நானே பாத்துச் சத்தம் போட்டிருக்கேன். எதுக்குப் புடுங்கினானோ. கேட்டதுக்குத் தலையைச் சொறிஞ்சான். கால்ல மிதிச்சுக் காத்தடிக்கிற பம்ப் ஒண்ணு சீட்டுக்கடியிலயே வச்சிருப்பான், அதுவும் எதுக்குன்னு எனக்குத் தெரியாது.

இல்ல, நீங்க சொல்ல வர்றது புரியுது. அவன்கிட்ட கேட்டேனான்னுதான. சார், அவன் டிரைவர். டிரைவருக்கு வண்டி ஓட்டத் தெரியும். டயரைப் பத்தி என்ன தெரியும்? நம்ம காலுக்குச் செருப்பு கடைக்காரன்தான காட்டுறான். நானா அவனை ஒதுக்கல. சித்திரையில ஒரு நாள் வண்டியைக் கழுவிக்கிட்டே, "மொதலாளி, அந்த டயர் அளவு விசயம்…"னு ஆரம்பிச்சான். நான் மஸ்கட்டுக்காரனோட போன்ல இருந்தேன். கையைக் காட்டி இருக்கச் சொன்னேன். பேசி முடிக்க முக்கால் மணி நேரம் ஆச்சு. திரும்பிப் பாத்தா ஆளைக் காணோம். சொல்லணும்னா இருந்து சொல்லியிருக்கணும்ல?

அப்புறம் ஒரு தடவை அவனையும் கூட்டிக்கிட்டே சிக்கந்தர் பாய் கடைக்குப் போனேன். அதையும் சொல்லிடறேன், பின்னாடி நான் மறைச்சிட்டேன்னு ஆகக்கூடாது. பாய் அஞ்சாறு டயரை உருட்டிக் காமிச்சாரு. காமிச்சிட்டு இவன் பக்கம் திரும்பி, "நீங்க என்ன சொல்றீங்க டிரைவர்"னு கேட்டாரு. எனக்கு அப்பத் தலைவலி, வெயில் வேற. "கனகு, எதுத்தாப்புல போய் ரெண்டு டீ வாங்கிட்டு வா"ன்னேன். வாங்கிட்டு வந்தான். அவனுக்கும் சேத்து மூணா வாங்கிக்கன்னுதான் சொன்னேன். அவன் ரெண்டுதான் வாங்கிட்டு வந்தான்.

பாய் என்ன சொன்னாருன்னா, "மொதலாளி, இப்ப இருக்கிற அதே அளவுல ஆல் டெரைன் போடுங்க. பக்கச்சுவர் கெட்டியானதாத் தர்றேன். கல்லுல வெட்டாது. அது போதும்." அவ்வளவுதானான்னு எனக்குச் சப்புன்னு ஆயிருச்சு. ஆறு மாசம் அலைஞ்சதுக்கு அதே அளவா? மஸ்கட் மச்சினன் ஒரு சுத்துப் பெருசா, அகலமாப் போடச் சொல்லியிருந்தான். அவன் அனுப்பின போட்டோவைப் பாக்கணும் நீங்க. வண்டி ஆனை மாதிரி நிக்குது. அகலமா இருந்தா சேத்துல அமுங்காதுன்னான். நான் பாய்கிட்ட அதைத்தான் போடச் சொன்னேன். பாய் தாடியைத் தடவினாரு. "ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா டயர் மட்கார்டுல உரசும்"னாரு. உரசாமப் பண்ண முடியாதான்னு கேட்டேன். பண்ணலாம்னாரு.

அந்த அளவு இங்க கிடைக்கல, டயர் வந்து சேர அஞ்சு மாசம். போட வேண்டிய அன்னைக்குன்னு பாத்து கனகவேல் லீவு கேட்டான். மாமனார் வீட்டு விசேசமாம். எனக்கு எரிச்சலாத்தான் இருந்துச்சு, இருந்தாலும் போன்னுட்டேன். வேற ஒரு ஆக்டிங் டிரைவரை வச்சு வண்டியை வத்தலக்குண்டுக்கு இறக்கி, டயரை மாட்டினோம். பாய் கீழ குனிஞ்சு ஒரு போல்ட்டைக் காமிச்சாரு. ஸ்டியரிங் எவ்வளவு தூரம் ஒடியணும்னு நிறுத்துற போல்ட்டாம். உரசாம இருக்கிறதுக்காக அதைக் கொஞ்சம் வெளிய தள்ளி வச்சிருக்கேன், இனிமே வண்டி பழைய மாதிரி ஒரே ஒடியில திரும்பாது, டிரைவர்கிட்ட மறக்காமச் சொல்லிருங்கன்னாரு.

சொன்னேனா இல்லையான்னு எனக்குச் சரியா ஞாபகம் இல்ல. சொல்லியிருப்பேன். இல்ல, அவன் லீவுல இருந்தான்ல, மறுநாள் விடிய வந்து சாவியை எடுத்துட்டுப் போயிட்டான், நான் குளிச்சுக்கிட்டிருந்தேன். ஆனா சார், இதையெல்லாம் ஒரு டிரைவருக்குச் சொல்லணுமா? பதினோரு வருசம் ஓட்டினவனுக்கு வண்டி திரும்புதா திரும்பலையான்னு தெரியாதா?

அன்னைக்கு நல்ல மழை. எட்டுப் பொம்பளைங்களை ஏத்திக்கிட்டுப் போயிருக்கான். செம்மண்ணுல பாருங்க, ஒரு இடத்துல கூட மாட்டல. டயர் அப்படி. கல்லுலயும் ஏறிருச்சு. மொட்டைப்பாறை வளைவுல போய்ப் பழைய நினைப்புல ஒரே ஒடியா ஒடிச்சிருக்கான். வண்டி பாதி திரும்பினதும் ஸ்டியரிங் நின்னுபோச்சு. முன்னாடி பாறை. பிரேக்கைப் போட்டுட்டுப் பின்னாடி எடுத்துத்தான் ஆகணும். பின்னாடி ஈரப் பாறை விளிம்பு. ரெண்டு அடிதான் எடுத்திருக்கான், இடது பக்கத்துப் பின்சக்கரம் வழுக்கி வெளிய போயிருச்சு. வண்டி சாஞ்சு, ஒரு சில்வர் ஓக் மரத்துல முட்டிக்கிட்டு நின்னுச்சு. அந்த மரம் என் அப்பா நட்டது. மரம் மட்டும் இல்லைன்னா நான் இன்னைக்கு உங்ககூட இப்படி உக்காந்து பேசிக்கிட்டிருக்க முடியாது, கேஸுன்னு கோர்ட்டுல நின்னிருப்பேன்.

எனக்குப் போன் வந்துச்சு. தோட்டத்து வாட்ச்மேனோட பைக்குல பின்னாடி உக்காந்து போனேன். போறப்ப மழைத்தண்ணி கண்ணுக்குள்ள. எத்தனை பேர் போயிட்டாங்களோன்னுதான் வழி பூரா நினைப்பு. போய்ப் பாத்தா எல்லாரும் வெளிய இறங்கிப் பாறை ஓரமா நனைஞ்சுக்கிட்டு நிக்கிறாங்க. ஒருத்தரும் சாகல. அப்பத்தான் மூச்சு வந்துச்சு. மூச்சு வந்ததும் கோவமும் வந்துச்சு. வண்டி அந்தரத்துல தொங்குது. பின்சக்கரம் காத்துல நிக்குது. புது டயர், பட்டன் முனையில இருக்கிற ரப்பர் முடி கூட இன்னும் தேயல.

கேட்டேன். எல்லார் முன்னாடியும்தான் கேட்டேன், இல்லைன்னு சொல்லல. "ஆறு மாசம் நாயா அலைஞ்சு வாங்கின டயரை ஒரே நாள்ல பள்ளத்துல இறக்கிட்டியே. உனக்கெல்லாம் மாட்டு வண்டிதான் லாயக்கு"ன்னேன். அவன் என்னையே பாத்தான். நான் குனிஞ்சு டயரைப் பாத்தேன், எங்கயாவது வெட்டியிருக்கான்னு. ஒரு கீறல் இல்ல சார். அவ்வளவு நல்ல டயர்.

ஒரு பொம்பளைக்கு மட்டும் கையில அடி. குதிச்சப்ப விழுந்திருக்கும் போல. ஈரச் சேலையால கையைச் சுத்திப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருந்துச்சு. முக்காடு போட்டிருந்ததால முகம் தெரியல. நான்தான் பால் வண்டிக்காரனுக்குப் போன் போட்டு, இந்தம்மாவைத் தாண்டிக்குடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போப்பான்னு சொன்னேன். அதெல்லாம் நான் குறை வைக்கிறதில்ல. அந்தப் பக்கம் டிராக்டருக்குச் சொல்லிட்டுத் திரும்பிப் பாக்குறேன், கனகவேலைக் காணோம். எங்கடான்னா, பால் வண்டியில ஏறிப் போயிட்டானாம்.

வண்டியை அந்தரத்துல விட்டுட்டு. நினைச்சுப் பாருங்க சார். ஓட்டிட்டு வந்தவன், தொங்க விட்டவன், டிராக்டர் வர்ற வரைக்கும் கூட நிக்காமப் பால் வண்டியில ஏறிப் போயிட்டான். பதினோரு வருசத்துல எனக்கு அவன் மேல அவ்வளவு வெறுப்பு வந்ததில்ல. சங்கிலி கட்டி இழுத்து, வண்டி மேல ஏற மத்தியானம் ஆயிருச்சு. நான் நனைஞ்சு போய் வீட்டுக்கு வர்றேன், சுகந்தி கையில வண்டிச் சாவி. "கனகவேல் குடுத்துட்டுப் போச்சு. இனிமே வரலையாம்"னா. வேற என்ன சொன்னான்னு கேட்டேன். "வேற ஒண்ணும் சொல்லல"ன்னா. அவ்வளவுதான். பதினோரு வருசம் எங்க வீட்டுச் சோத்தைச் சாப்பிட்டவன்.

அதுக்கப்புறம் ஒரு மாசம் ஆகுது. ரெண்டு டிரைவரைக் கூப்பிட்டுப் பாத்தேன். ஒருத்தன் மொட்டைப்பாறை வரைக்கும் போய், இறங்கி நின்னு பாத்துட்டு, அப்படியே வண்டியை அங்க இருந்து பின்னாலயே எடுத்துக்கிட்டு வந்து என்கிட்ட கும்பிட்டுட்டுப் போயிட்டான். இன்னொருத்தன் அவ்வளவு தூரம் கூடப் போகல. பொம்பளைங்க ஆறு கிலோமீட்டர் நடந்து போறாங்க, நடந்து வர்றாங்க. பாதிப் பேர் வர்றதில்ல. காப்பிப் பழம் செடியிலயே கருகுது.

வேற வழி இல்லாம இன்னைக்குக் காலையில நானே இறங்கிப் போனேன். கனகவேல் இப்ப அய்யம்பாளையத்துல இருக்கான்னு கேள்விப்பட்டேன். தேங்காய் லாரி ஓட்டுறானாம். கொஞ்சம் முந்தி தென்னந்தோப்பாக் கடந்து வந்தோம்ல, அந்த ஊர்தான். தோப்புக்குள்ள ஒரு ஓட்டு வீடு. என்னைப் பாத்ததும் எழுந்திரிச்சு, துண்டால நாற்காலியைத் துடைச்சுப் போட்டான். மரியாதைக்கு ஒரு குறையும் இல்ல.

உள்ள இருந்து காப்பி வந்துச்சு. கொண்டாந்த பொண்ணுக்கு இடது கையில மாவுக்கட்டு, விரல் வரைக்கும். டம்ளரை ஒத்தைக் கையால நீட்டுச்சு. நான் பேச்சுக்கு, "கையில என்னம்மா"ன்னு கேட்டேன்.

"அன்னைக்கு வண்டியில விழுந்ததுதான் மொதலாளி."

நான் டம்ளரைக் கீழ வச்சேன். "எந்த வண்டியில?"

"நம்ம வண்டியிலதான். மொட்டைப்பாறையில."

"நீ அந்த வண்டியில எதுக்கு வந்த?"

அது சிரிச்சிச்சு சார். வலியோட சிரிப்புன்னு இல்ல, சும்மா, சின்னப் புள்ளை எதையாவது கேட்டா சிரிப்போம்ல, அப்படி. "பழம் எடுக்கத்தான். நாலு வருசமா நம்ம தோட்டத்துக்குத்தான மொதலாளி வர்றேன். பவுன்தாயி. போன மழைக்குக் காய்ச்சல்ல கிடந்தப்ப உங்க வாசல்லதான கொண்டாந்து இறக்குனாங்க. நீங்ககூடப் போர்வை குடுத்தீங்க."

போர்வை குடுத்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. தூக்கிட்டு வந்தது யாருன்னு நான் பாக்கல. மழை, இருட்டிக்கிட்டு வேற இருந்துச்சு. தூக்கிட்டு வந்தவன் இவன்தான், தூக்கினது இவன் பொண்டாட்டியைத்தான்னு ஒருத்தராவது என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? ஒருத்தரும் சொல்லல. அன்னைக்குப் பால் வண்டியில ஏறினப்பவாவது, "மொதலாளி, என் வீட்டுக்காரிக்குக் கை உடைஞ்சிருச்சு, நான் போறேன்"னு ஒரு வார்த்தை சொன்னா நான் என்ன போகாதன்னா சொல்லப்போறேன்? இதுல கூத்து என்னன்னா, சுகந்திக்குத் தெரிஞ்சிருக்கு. ஆஸ்பத்திரிக்கே போய்ப் பாத்துட்டு வந்திருக்கா. அங்க இருந்தே போன் போட்டுக் கேட்டேன், ஏண்டி என்கிட்ட சொல்லலன்னு. "நீங்க கேக்கலையே"ங்கிறா. இதெல்லாம் ஒரு பதிலா?

சரி, வந்த விசயத்துக்கு வந்தேன். "கனகு, நடந்தது நடந்துபோச்சு. கோவத்துல நாலு வார்த்தை பேசியிருப்பேன். மனசுல வச்சுக்காத. வண்டி சும்மா நிக்குது, வா"ன்னேன். நான் யார்கிட்டயும் இவ்வளவு இறங்கிப் பேசினதில்ல.

அவன் கீழ பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான். "கோவம் எல்லாம் இல்லீங்க மொதலாளி"ன்னான். அப்புறம் அவனாவே பேசினான். பதினோரு வருசத்துல அவ்வளவு நீளமா அவன் பேசி நான் கேட்டதில்ல.

"அன்னைக்கு வண்டி பின்னால வழுக்குறப்ப நான் கண்ணாடியைப் பாத்தேன். பள்ளத்துப் பக்கம் கடைசியில இவதான் உக்காந்திருந்தா. இவ தலை மட்டும் தெரிஞ்சுச்சு. தலைக்குப் பின்னாடி ஒண்ணுமே இல்ல, வெறும் மழை. என் கை ஸ்டியரிங்குல இருந்துச்சு, ஆனா கைக்கு என்ன பண்றதுன்னு தெரியல. பதினோரு வருசமா அந்த வளைவு என் கைக்குத் தெரியும் மொதலாளி. கண்ணை மூடிக்கிட்டுத் திருப்புவேன். இப்ப அந்த வளைவுல என் கையை நான் நம்ப மாட்டேன். லாரியில தேங்காதான். தேங்கா விழுந்தா தேங்காதான் போகும்."

நான் சொன்னேன், அந்த போல்ட்டைத் திரும்பப் பழையபடி வச்சிரலாம்னு. எந்த போல்ட்டுன்னு கேட்டான். நான் சொன்னேன். பாய் இப்படி இப்படி பண்ணாரு, ஒரே ஒடியில திரும்பாதுன்னு சொல்லிவிட்டாருன்னு. அவன் நிமிந்து என்னையே பாத்தான். அவன் பொண்டாட்டியும் பாத்துச்சு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. எனக்கு அங்க உக்காந்திருக்கவே ஒரு மாதிரி ஆயிருச்சு சார். காப்பி வேற ஆறிப்போச்சு.

கடைசியா நான் கேட்டேன். அதை நீங்க குறிச்சுக்கணும். நானாக் கேட்டேன். "சரி, டயரையே மாத்திருவோம். உனக்கு எந்த டயர் வேணும்னு நீயே சொல்லு, அதையே போடுறேன்." ஒரு மொதலாளி டிரைவர்கிட்ட இதுக்கு மேல என்ன கேக்க முடியும்?

அவன் எழுந்திரிச்சான். லாரிக்கு நேரமாச்சுன்னு சட்டையை மாட்டினான். மாட்டிக்கிட்டே சொன்னான், "எனக்கு என்ன மொதலாளி, இனிமே நான் ஓட்டப்போறதில்ல. வர்றவன்கிட்ட கேளுங்க."

வர்றவன்கிட்ட கேளுங்கன்னா என்ன அர்த்தம்? நான் வந்து அவனைக் கேக்குறேன், அவன் எவனையோ கேக்கச் சொல்றான். அதுக்கு மேல நான் அங்க நிக்கல. பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே நடந்து வந்தான். வத்தலக்குண்டு பஸ்ஸை நிறுத்தி, கண்டக்டர்கிட்ட சொல்லி முன்னாடி சீட்டுப் பிடிச்சு உக்கார வச்சிட்டுத்தான் போனான். மனசுல மரியாதை இருக்கு. இருந்து என்ன பண்ண.

பட்டிவீரன்பட்டியில இருந்து ஒரு டிரைவரை ஏற்பாடு பண்ணியிருக்காங்க. கேரளாப் பக்கம் ஏலத்தோட்டத்துல ஓட்டினவனாம், கெட்டிக்காரன்னாங்க. திங்கக்கிழமை வர்றான். அவன் வந்து, அவனைக் கேட்டு, அப்புறம் டயர் பாக்கிறதுன்னா பழம் பூராவும் போயிரும் சார். அதனால வத்தலக்குண்டுல இறங்கினதும் நேரா சிக்கந்தர் பாய் கடைக்குப் போயிட்டேன். உங்களைப் பாக்குறதுக்கு முன்னாடி அங்க இருந்துதான் வந்தேன். ரெண்டு மணி நேரம் உக்காந்து பேசி, அளவு, பட்டன், பக்கச்சுவர் எல்லாம் நானே முடிவு பண்ணிட்டேன். இந்தத் தடவை மட் டயர். சனிக்கிழமை மாட்டிருவாங்க. அவன் வந்தா சாவியை வாங்கி ஓட்ட வேண்டியதுதான், ஒரு தலைவலியும் இல்ல.

மங்களங்கொம்பு வந்துருச்சு. வர்றேன் சார். பேச்சுத் துணைக்கு நல்லா இருந்துச்சு, இந்தக் காலத்துல யாரு இப்படிப் பொறுமையாக் கேக்குறா. என்ன? புது டிரைவர் பேரா? பேர் என்னமோ சொன்னாங்க. கேட்டுக்கணும்.